சுகிர்தா அடைச்ச காத்து

சென்னியப்பன் பட்டறையில தண்ணித் தொட்டிக்குள்ள போட்டிருந்த துப்பாக்கி, செத்துப்போன அவன் பொண்ணு குரல்ல பேச ஆரம்பிச்சது ஒரு வெள்ளிக்கிழமைங்க. அன்னைக்கு எங்க செங்காட்டுப் புதூர்ல பைப்புல தண்ணி வர்ற முறை, பொம்பளைங்க எல்லாம் குடத்தோட வரிசையில நின்னுட்டிருந்தாங்க, அதனால விஷயம் பாதி ஊருக்கு மத்தியானச் சோத்துக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சப்பவும் ஒருத்தரும் வாயைப் பொளக்கல, "என்ன பேசுதாம்?"னுதான் கேட்டாங்க. நான் அந்தப் பட்டறைக்கு எதுத்தாப்புல ஆயில் சீலு, வாசர், ஓ-ரிங்கு விக்கற கடை வெச்சிருக்கறவன், முப்பது வருஷமா ரப்பர் வளையத்தைத் தொட்டுத் தொட்டு வெரல் ரேகை அழிஞ்சு போனவன். எனக்குப் பூசி மெழுகிப் பேசத் தெரியாது, நடந்ததை நடந்த மாதிரியே சொல்றேன், புடிச்சாக் கேளுங்க, இல்லீனா எந்திரிச்சுப் போயிருங்க.

இந்தத் துப்பாக்கி போலீஸ்காரன் தோள்ல தொங்கறது இல்லீங்க, காத்துத் துப்பாக்கி. அதுலயும் குழலை மடக்கி மடக்கிச் சுடற பழைய சாமான் இல்ல. குழலுக்கு அடியில ஒரு உருளை இருக்கும், அதுல கைப்பம்பு வெச்சு முன்கூட்டியே காத்தை அடைச்சுக்கோணும். சைக்கிளுக்கு அடிக்கற மாதிரின்னு நெனச்சுக்காதீங்க, லாரி டயர்ல இருக்கறதைப் போல இருபத்தஞ்சு மடங்கு, அழுத்தக் கணக்குல இருநூறு பாருன்னு சொல்லுவாங்க, ஒரு ஆளு பம்பு மேல தொங்கித் தொங்கி நூத்திச் சொச்சம் தடவை அழுத்தினாத்தான் அழுத்தம் காட்டற முள்ளு அங்க போய் நிக்கும். விசையைத் தட்டினா அதுல ஒரு சிட்டிகைக் காத்து வெளிய வந்து ஈயக்குண்டைத் தள்ளிட்டுப் போகும், மிச்சம் உள்ளயே கெடக்கும், ரிங்கு நல்லாருந்தா வருஷக்கணக்காக் கெடக்கும். இந்தச் சாமானைப் பிரிச்சு மேயறதுல சென்னியப்பனை அடிச்சுக்க இந்தப் பக்கம் ஆளே கிடையாது. ஸ்பிரிங்கை மாத்துவான், காத்து போற துவாரத்தைத் தேச்சுப் பெருசாக்குவான், குண்டு போற வேகத்தை ஏத்துவான் இறக்குவான், பாலக்காட்டுல இருந்தெல்லாம் வண்டி போட்டுட்டு வந்து "கசியுதுங்க"ன்னு நிப்பாங்க, இவன் தொட்டுத் தடவிப் பார்த்துட்டு எந்த இடம்னு சொல்லிருவான்.

அவன்கிட்ட ஒரே ஒரு வியாதி உண்டு. நல்லா ஓடிட்டிருக்கற சாமானைப் பார்த்தா அவனுக்குக் கை சும்மா இருக்காது.

சுகிர்தா அவனுக்கு ஒரே பொண்ணு, காலேஜுல ரெண்டாவது வருஷம். பத்து மீட்டர் தூரத்துல இருக்கற அட்டையில குண்டு போன ஓட்டைக்குள்ளயே அடுத்த குண்டையும் விடற பொண்ணு. மாநில அணிக்கு ஆள் எடுக்கற போட்டி கோயமுத்தூர்ல; அதுக்கு முந்தின நாள், அவ இல்லாத நேரமாப் பார்த்து, தோப்புக்காரர் ஒருத்தருக்குப் போட இருந்த கட்டையான ஸ்பிரிங்கை முதல்ல இதுல போட்டுப் பார்ப்போம்னு அவ துப்பாக்கியைப் பிரிச்சுட்டான் மனுசன். போட்டியன்னைக்கு வெடியக்காலத்துல அந்தப் பொண்ணு நாலு குண்டு சுட்டுப் பார்த்திருக்கு, நாலும் நாலு பக்கம். "நல்லா ஓடறதை ஏனுங்கப்பா தொட்டீங்க?"ன்னு கேட்டிருக்கு. அவ்வளவுதான் கேட்டுது. தப்பு நம்ம மேலன்னு தெரிஞ்சவனுக்குத்தானே கோவம் அதிகமா வரும், இவன் லேத்தை ஓட விட்டுட்டுக் கத்த ஆரம்பிச்சான், கத்திட்டே காத்தை எறக்கினான், கத்திட்டே பழைய ஸ்பிரிங்கைத் திருப்பிப் போட்டான், கத்திட்டே மூடியை முடுக்கினான். அவன் கத்தறது நிக்காம இருக்கறப்பவே அவ பம்பை எடுத்து, எண்ணி எண்ணிக் காத்தடிச்சா. அடிச்சு முடிச்சவ அந்தத் துப்பாக்கியை மேசை மேல வெச்சுட்டு, கிளப்புல குடுக்கறதுல சுட்டுக்கறேன்னு வெறுங்கையோட பஸ்ஸேறிட்டா. போறப்ப என் கடை முன்னால நின்னு, "போயிட்டு வர்றேனுங்க மாமா"ன்னா, கண்ணு செவந்திருந்துது, நான் தூசின்னு நெனச்சேன். ஒம்பதே காலுக்கு ஆத்துப்பாலத்து வளைவுல அந்த பஸ் கவுந்து போச்சுங்க. பதினொரு பேருக்குக் கைகாலு ஒடிஞ்சுது, ஒரே ஒரு உசுருதான் போச்சு.

கருமாதி முடிஞ்சு ஒறம்பரையெல்லாம் ஊருக்குப் போனதுக்கு அப்புறம், சென்னியப்பன் பட்டறையத் தொறந்து கூட்டினான். மேசை மேல அந்தத் துப்பாக்கி அப்படியே இருந்துது. முள்ளு இருநூறுல நின்னிருக்கோணும், நூத்தித் தொண்ணூறுல நிக்குது. கசியுது. இப்படி ஒண்ணைப் பார்த்தா அவன் என்ன செய்வானோ அதைத்தான் அன்னைக்கும் செஞ்சான், யோசிச்செல்லாம் செய்யல, தோள்ல அணைக்கற மரக்கட்டையக் கழட்டிட்டு இரும்பை மட்டும் தண்ணித் தொட்டிக்குள்ள முக்கினான், குமிழி எங்க இருந்து கிளம்புதுன்னு குனிஞ்சு பார்த்தான். மூடி ஓரத்துல இருந்து கடுகத்தனை குமிழி ஒண்ணு கிளம்பி, மெதுவா மேல வந்து, ஒடைஞ்சு, "முப்பத்தாறு"ன்னுது.

அடுத்தது வந்து ஒடைஞ்சு, "முப்பத்தேழு"ன்னுது.

பொறகால பாத்திரம் வெளக்கிட்டிருந்த அவன் பொண்டாட்டி மயிலாத்தா கை ஈரத்தோட வந்து, "யாருங்க எண்ணறது?"ன்னு கேட்டா. "நம்ம சுகிதான்"னான். அவ முந்தானையில கையைத் தொடச்சுட்டு, ஒரு பழைய பெயிண்டு டப்பாவைக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்தா.

அதுக்கப்புறம் ஊரு நடந்துக்கிட்ட விதத்தைச் சொல்லோணும். எங்க ஊரு ரொம்ப நல்ல ஊரு, ரொம்பக் கேவலமான ஊருமுங்க, ரெண்டும் ஒண்ணாவே இருக்கும். மூணாம் நாளே பட்டறை முன்னால நாற்காலி வந்துருச்சு. பேக்கரிக்காரன் குப்புராஜ் ஊரு கூடிக் கேக்கற பத்து மணியில இருந்து பன்னெண்டு மணி வரைக்கும் ரேடியோவை அமத்தி வெச்சான், அந்தத் தெருவுல ஒரு வீட்டுலயும் மிக்சி ஓடல, சட்டினி அரைக்கறவங்க அம்மியத் தேடி எடுத்தாங்க, மினி பஸ்ஸு எங்க வளைவுல ஆரன் அடிக்கறதை நிறுத்துச்சு. கணக்கு வாத்தியார் வேலுச்சாமி ஒரு சாக்பீஸை எடுத்துட்டு வந்து, குமிழி ஒவ்வொண்ணும் சொல்றதைப் பட்டறைச் செவுத்துல எழுதினார். "நாப்பத்தி ரெண்டு." "தோளு வலிக்குது." "அம்மா, காப்பி." அதுக்கு மயிலாத்தா நெசமாவே எந்திரிச்சுப் போய்க் காப்பி போட்டு எடுத்துட்டு வந்து தொட்டியோரத்துல வெச்சா, அது ஆறி ஆடை கட்டற வரைக்கும் யாரும் அதைத் தொடல. ஒரு பாட்டோட முனகல் ரெண்டு நாள் விட்டு விட்டு வந்துது, என்ன பாட்டுன்னு ஊரே சண்டை போட்டுக்குச்சு. என் மருமகன் போனுல பதிஞ்சு பார்த்தான், போனுல வெறும் தண்ணிச் சத்தம்தான் இருந்துது.

எல்லாத்தையும் விட அதிகமா வந்தது ஒரே ஒரு வார்த்தைங்க. "சரிங்கப்பா." பத்துக் குமிழிக்கு ஒண்ணு அதுதான். அப்படி ஒரு பதமான குரலு, கேக்கறவங்களுக்குக் கண்ணு கலங்கிரும். முதல்ல ஒருத்தர் போர் போடற வண்டியைக் கூட்டறதுக்கு முன்னால வந்து, "தண்ணி விழுகுமா அம்மிணி?"ன்னு தொட்டிகிட்டக் குனிஞ்சு கேட்டார். "சரிங்கப்பா"ன்னுது. நானூறு அடியில தண்ணி பீச்சிருச்சு. அப்புறம் கேக்கோணுமா? பொண்ணு பார்க்கப் போறவன் கேட்டான், ஆபரேசனுக்குப் போறவன் கேட்டான், கட்சிக்காரங்க ரெண்டு பக்கத்து ஆளும் வந்து கேட்டாங்க, ரெண்டு பேருக்கும் சரிங்கப்பாதான். மினி பஸ்ஸு ஓனர் வண்டி நெத்தியில சாமி பேரை அழிச்சுட்டு "சரிங்கப்பா"ன்னு மஞ்சப் பெயிண்டுல எழுதினார். தொட்டில்ல கெடந்த ஒரு கைக்கொழந்தைக்கு அந்தப் பேரையே வெக்கலாமான்னு பேச்சு நடந்துச்சுன்னா பார்த்துக்குங்க எங்க ஊரு லட்சணத்தை.

சென்னியப்பன் மட்டும் அந்த வார்த்தை வர்றப்பவெல்லாம் தலையக் குனிஞ்சுக்குவான். வெசனத்துல இருக்கறவன், அப்படித்தான் இருப்பான்னு விட்டுட்டோம்.

முள்ளு எறங்கிட்டே வந்துது. நூத்தி அறுபது, நூத்தி நாப்பது. மயிலாத்தா ஒரு நாள் எல்லாரு முன்னாலயும் கேட்டா, "ஏனுங்க, ஊரு ஒலகத்துக் கசிவையெல்லாம் அடைக்கறீங்க, எம்புள்ள கசியறதை அடைக்க முடியலீங்களா உங்களுக்கு?" நான்தான் சொன்னேன், அது அப்படி இல்ல சாமி, ரிங்கு மாத்தோணும்னா மூடியத் தொறக்கோணும், மூடியத் தொறக்கோணும்னா உள்ள இருக்கற காத்து மொத்தத்தையும் எறக்கோணும், அடைச்ச காத்தோட தொறந்தா மூடி பிச்சுட்டு வந்து மூஞ்சியக் கொண்டு போயிரும், கசிவை நிறுத்தற வழி காலி பண்றது ஒண்ணுதான்னு. அவ என்னையும் என் கடையில அட்டை அட்டையாத் தொங்கற ரிங்கையும் மாறி மாறிப் பார்த்தா. பஞ்சர் கடை தொரைசாமி நல்லெண்ணத்துலதான், "எறங்கினது எறங்குனதா இருக்கட்டும், அதே பம்புல கொஞ்சம் ஏத்தி விட்டா இன்னும் ரெண்டு மாசம் ஓடுமே"ன்னான். மயிலாத்தா வெளக்கமாத்தை எடுத்துட்டா. "கலப்படம் பண்றியா எம்புள்ளயில?"ன்னு அவனை பஸ் ஸ்டாப்பு வரைக்கும் தொரத்திட்டுப் போனா.

நூத்திப் பத்துல முள்ளு இருந்தப்ப, ஒரு குமிழி வந்து ஒடைஞ்சு இருமுச்சு. ஆம்பளை இருமல், சென்னியப்பன் இருமல். கூட்டம் சிரிச்சுது, "அட, மச்சானும் உள்ள மாட்டிக்கிட்டாருப்பா"ன்னு யாரோ சொன்னாங்க, மயிலாத்தாகூட அத்தனை நாளைக்கு அப்புறம் பல்லுத் தெரியச் சிரிச்சா. நான் அவனைப் பார்த்தேன். மூஞ்சியில சொட்டு ரத்தம் இல்ல.

அன்னைக்கு மத்தியானம் கடைக்குள்ள வந்து ஸ்டூல்ல உக்காந்தான், ரொம்ப நேரம் ஒரு ஓ-ரிங்கை எடுத்து வெரல்ல மாட்டி மாட்டிக் கழட்டினான். "அண்ணா, அது புது ரிங்குண்ணா"ன்னான். "புது ரிங்கு கசியாதேடா"ன்னேன். "கிரீஸ் தடவாம, காஞ்ச ரிங்கை மூடியோட திருகு மரை மேல இழுத்து மாட்டிட்டேண்ணா. நேத்து வேலைக்கு வந்த ஆளு செய்யற தப்பு. கோவம். மரை கிழிச்சிருக்கும். எங்கையாலதான் அவ போயிட்டிருக்கா." அவனே மறுபடியும் சொன்னான். "அது பரவால்லண்ணா. பம்பு என்ன செய்யும்? பக்கத்துல இருக்கற காத்தை இழுக்கும். அவ பேசுனது மட்டுமா உள்ள போயிருக்கும்? நான் கத்துனதும் போயிருக்குமல்லண்ணா." என்னடா கத்துனேன்னு கேட்டேன். சொன்னான். ஒரு அப்பன் பொண்ணைப் பார்த்துச் சொல்லக் கூடாததைச் சொல்லியிருந்தான், அதுவும் வீட்டைத் தாண்டிப் போற நேரத்துல. என் வாயால அதைச் சொல்ல மாட்டேன். "அவ எதுத்து என்ன சொன்னாடா?"ன்னு கேட்டேன். "லேத்து ஓடிட்டிருந்துதுண்ணா, கேக்கல. ஒதட்டை அசைச்சா, பார்த்தேன்"னான்.

அடுத்த நாள் காலைல, மயிலாத்தா ரேசன் கடைக்குப் போன நேரம், அவன் தொட்டியில இருந்து துப்பாக்கியை எடுத்துட்டான். கட்டைய மாட்டி, மண்ணு மூட்டைக்கு நேரா வெச்சு, காத்து மொத்தத்தையும் சுட்டுத் தீத்துரலாம்னு பார்த்திருக்கான். ஒரே ஒரு தடவைதான் தட்டினான். குமிழியில வார்த்தை வார்த்தையா வந்துட்டிருந்தது குண்டுல ஒட்டுக்கா வந்துது, எண்ணிக்கை, பாட்டு, மூச்சு, அப்பா, அம்மா எல்லாம் ஒண்ணாச் சேந்து ஒரே கூச்சலா. பஸ் கவுந்தப்ப அந்தப் பொண்ணு இப்படித்தான் கத்தியிருக்கும்னு தெருவுல இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்துல தோணிப் போச்சு. மயிலாத்தா அரிசிப் பையத் தெருவுலயே போட்டுட்டு ஓடி வந்தா. துப்பாக்கியப் புடுங்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, "இன்னொரு வாட்டி தொட்டீங்கன்னா பொணமாத்தான் என்னையப் பார்ப்பீங்க"ன்னா.

அவன் நெனச்சிருந்தா அப்பவும் முடிச்சிருக்கலாமுங்க. ஒரு திருகாணியத் தளர்த்தினாப் போதும், புஸ்ஸுன்னு ஒரு நிமிசத்துல எல்லாம் போயிருக்கும், அவன் பேச்சும் சேந்து போயிருக்கும், ஒருத்தருக்கும் ஒண்ணும் வெளங்கியிருக்காது. நான்கூடச் சொன்னேன், எறக்கித் தொலைச்சுட்டு நிம்மதியா இருடான்னு. "மயிலுக்கு இருக்கறது அது ஒண்ணுதானேண்ணா"ன்னான். அவனே தண்ணியில திரும்ப முக்கி வெச்சான், அவனே அவளுக்குப் பக்கத்துல இன்னொரு பெயிண்டு டப்பாவைப் போட்டு உக்காந்தான், தினமும் பத்து மணிக்கு வந்து, தன்னோட வாயி எப்பத் தொறக்கப் போகுதுன்னு குமிழியப் பார்த்துட்டே இருந்தான். அப்படி நாப்பத்தி நாலு நாளு.

கிழிசல் பெருசாக ஆக முள்ளு வேகமா எறங்குச்சு. எம்பது, அம்பது, இருபது. செவுத்துல எடம் இல்லாம வாத்தியார் கதவுல எழுத ஆரம்பிச்சார். கடைசியா ஒரு திங்கக்கிழமை, முள்ளு சைபரைத் தொட்டுருச்சுன்னு சேதி போய், ஊரே வந்துருச்சு. போர்ல தண்ணி விழுந்தவர் வந்தார், ஆபரேசன் ஆனவன் வந்தான், மினி பஸ்ஸை நடு ரோட்டுல நிறுத்திட்டு ஓனர் வந்தார். குமிழி அன்னைக்கு அவசரப்படல. ஒண்ணு வரும், அஞ்சு நிமிசம் ஒண்ணும் இருக்காது, இன்னொண்ணு வரும். "நூத்தி இருவது"ன்னுது. "அம்மா"ன்னுது. மயிலாத்தா, "சொல்லு கண்ணு"ன்னா.

அப்ப நெல்லிக்காயத்தனை பெருசா ஒரு குமிழி மூடி ஓரத்துல ஊதி, விடுபட்டு, மேல வந்து ஒடைஞ்சுது.

"எங்கியோ போய்த் தொலை. திரும்பி இந்தப் படி ஏறாத."

சென்னியப்பன் குரல். ஒரு எழுத்து கொறையல.

நாங்க அத்தனை பேரும் தண்ணியத்தான் பார்த்துட்டிருந்தோம், அவனை யாரும் பார்க்கல, பார்க்கத் தெம்பில்ல. தண்ணி அடங்குச்சு. அதுக்கப்புறம் கடுகத்தனை ஒண்ணு, கடைசிக் குமிழி, நெளிஞ்சு நெளிஞ்சு வந்து ஒடைஞ்சுது.

"சரிங்கப்பா."

அத்தனை நாளா நாங்க எதுக்குப் பதிலைக் கையெடுத்துக் கும்பிட்டுட்டிருந்தோம்னு அப்பத்தான் தெரிஞ்சுதுங்க. போர்ல தண்ணி விழுந்தவர் செருப்பை மாட்டிக்கிட்டு முதல்ல வெளிய போனார். வாத்தியார் கையில இருந்த சாக்பீஸை என்ன செய்யறதுன்னு தெரியாம சட்டைப் பையில போட்டுக்கிட்டார்.

மயிலாத்தா கேட்டா, "எப்பச் சொன்னீங்க இதை?"

"அன்னைக்குக் காலைல."

"அவளைப் பார்த்தா சொன்னீங்க?"

"ஆமா, மயிலு."

அவ அழுகல, அடிக்கல, மண்ண வாரித் தூத்தல. எந்திரிச்சு, தொட்டியோட ரெண்டு காதையும் புடிச்சு இழுத்துட்டுப் போய், அத்தனை நாளா ஒரு சொட்டுக் கீழ விடாம வெச்சிருந்த தண்ணியச் சாக்கடையில கவுத்தா. துப்பாக்கி கல்லு மேல விழுந்து சத்தம் கேட்டுது. உள்ள போய் ஒலை வெச்சா. அதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் அவன்கிட்ட அவ ஒரு வார்த்தை பேசுனதில்ல, சோறு போடறா, துணி தொவைக்கறா, பேச்சு மட்டும் கெடையாது. மினி பஸ்ஸு நெத்தியில இருந்த மஞ்சப் பெயிண்டை ஓனர் அன்னைக்கே சொரண்டிட்டார். ஊருல மறுபடியும் மிக்சி ஓடுச்சு.

காலியானதுக்கு அப்புறம் என்ன, தொறக்க வேண்டியதுதானே? சென்னியப்பன் மூடியக் கழட்டி அந்த ரிங்கை என் கடைக்கு எடுத்துட்டு வந்து காட்டினான். நகத்தை வெட்டிப் போட்ட மாதிரி ஒரு கீறல், அவ்வளவுதான். புது ரிங்கு ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். மரைக்குத் துணி சுத்தி, கிரீஸ் தடவி, பச்சப்புள்ளைக்குச் சட்டை மாட்டற மாதிரி மெதுவா மாட்டினான். ரெண்டு நிமிச வேலை. அப்புறம் லேத்தை அமத்தி, பட்டறைக் கதவைச் சாத்திட்டு, அவனே பம்பை எடுத்துக் காத்தடிச்சான். ஒரு மணி நேரம் பம்புச் சத்தம் கேட்டுது, அதுக்கு ஊடால அவன் பேசற சத்தம் கேட்டுது, அழுகற சத்தம் கேட்டுது, என்ன பேசினான்னு எதுத்தாப்புல இருந்த எனக்குப் புடிபடல. யாருகிட்டப் பேசினான்னு தெரியும்.

பதினொரு வருஷம் ஆச்சு. இப்பவும் தெனம் பத்து மணிக்குத் தொட்டியில தண்ணி ரொப்பி அந்தத் துப்பாக்கியை உள்ள வெச்சுட்டு, பெயிண்டு டப்பா மேல உக்காந்துக்கறான், பக்கத்துல இன்னொரு டப்பாவையும் கவுத்துப் போட்டுட்டுத்தான் உக்காருவான். மயிலாத்தா கூட்டறப்ப அந்த டப்பாவை நகத்திக் கூட்டிட்டு, திரும்ப அதே எடத்துல வெச்சுட்டுப் போயிருவா. அன்னைக்கு அவன் உள்ள அடைச்ச பேச்சுல ஒரு குமிழி கிளம்பல. வேலை அவ்வளவு சுத்தம். நேத்துகூடப் போய்ப் பார்த்தேன், முள்ளு இருநூறுலயே நிக்குது.